சபையில் வென்று தெருவில் தோற்ற மசோதா: வாக்ஸ்மன்–மார்க்கி, 2009

2009 ஜூன் 26, வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் எச்.ஆர். 2454 என்ற மசோதா 219-க்கு 212 என்ற வாக்குகளில் நிறைவேறியது. கலிஃபோர்னியாவின் ஹென்றி வாக்ஸ்மனும் மாசசூசெட்ஸின் எட்வர்ட் மார்க்கியும் கொண்டுவந்ததால் வாக்ஸ்மன்–மார்க்கி மசோதா என்றே எல்லோரும் அதைச் சொன்னார்கள். நாடு முழுவதற்கும் பசுங்குடில் வாயு உமிழ்வுக்கு உச்சவரம்பு வைக்கும் மசோதா ஒன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஓர் அவையைத் தாண்டியது அதுவே முதல் தடவை. இன்றுவரை அதுவே கடைசித் தடவையும்கூட. பதின்மூன்று மாதம் கழித்து, 2010 ஜூலை 22 அன்று, செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் போதிய வாக்குகள் இல்லை என்று சொல்லிக் கையை விரித்தார். செனட்டில் அதன்மேல் ஒரு வாக்கெடுப்புகூட நடக்கவில்லை.

அன்றைய நிலவரத்தை வைத்துப் பார்த்தால் இது நடந்திருக்கக் கூடாது. வெள்ளை மாளிகையில் ஒபாமா இருந்தார். சபையில் ஜனநாயகக் கட்சிக்கு வலுவான பெரும்பான்மை இருந்தது. செனட்டில் எதிர்க்கட்சியின் தடையை மீறி மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகத் தேவையான அறுபது இடங்கள்கூடச் சில மாதங்களுக்கு இருந்தன. 2008 தேர்தலில் எதிர்த்து நின்ற ஜான் மெக்கெயினே இதே வகைத் திட்டத்தை ஆதரித்தவர்தான். ஜெனரல் எலெக்ட்ரிக், டியூக் எனர்ஜி போன்ற நிறுவனங்கள் மசோதா பக்கம் நின்றன. இவ்வளவும் இருந்தும் ஏன் செத்தது?

நான் வந்து சேர்ந்த பதில் இதுதான்: இந்தச் சட்டத்தால் தனக்கு நன்மை உண்டு என்று அறிந்த சாதாரண அமெரிக்கர் மிகக் குறைவு. இதனால் தனக்கு நட்டம் என்று நம்பியவர்களோ ஊர் ஊராகத் திரட்டப்பட்டிருந்தார்கள். வாக்குகளை எண்ணுவதற்கு முன்பே களத்தில் கணக்கு தீர்ந்துவிட்டது.

மசோதாவில் என்ன இருந்தது

அடிப்படை எளிமையானது. நாடு மொத்தமாக இவ்வளவு டன்தான் வெளியிடலாம் என்று அரசு ஒரு வரம்பு வைக்கும். அந்த வரம்பு ஆண்டுதோறும் இறங்கும். ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். மிச்சம் வைத்திருப்பவர் விற்கலாம், பற்றாதவர் வாங்கலாம். அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடை 1990-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இதே வழியில்தான் கட்டுப்படுத்தியது. அந்தத் திருத்தத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி அதிபர் மூத்த புஷ். முன்னுதாரணம் இருந்ததால் இது பாதுகாப்பான பாதை என்று வாஷிங்டனில் பலரும் நம்பினார்கள்.

இலக்கு: 2005 அளவிலிருந்து 2020-க்குள் 17 சதவீதமும், 2050-க்குள் 83 சதவீதமும் குறைப்பது. இதோடு, மின்சாரத்தில் 20 சதவீதத்தை 2020-க்குள் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாலும் சிக்கன நடவடிக்கைகளாலும் ஈடுகட்ட வேண்டும் என்ற விதி. மொத்தம் 1,400 பக்கங்களுக்கு மேல்.

சிக்கல் சீட்டுகளைப் பகிர்ந்த விதத்தில் இருந்தது. தேர்தல் பிரசாரத்தில் ஒபாமா எல்லாச் சீட்டுகளையும் ஏலத்தில் விற்போம் என்றார். 2009 பிப்ரவரியில் வந்த அவருடைய முதல் பட்ஜெட்டும், அந்தப் பணத்தின் பெரும்பகுதியை வரிச் சலுகையாக மக்களுக்கே திருப்பித் தருவதாகச் சொன்னது. மசோதா குழுவைத் தாண்டி வெளியே வந்தபோது, ஆரம்ப ஆண்டுகளில் சீட்டுகளில் சுமார் 85 சதவீதம் இலவசம் என்று ஆகியிருந்தது. மின் விநியோக நிறுவனங்கள், எஃகு, சிமென்ட் போன்ற கனரக ஆலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், மாநில அரசுகள் என எல்லோருக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

இந்த மாற்றம் தற்செயலாக வந்ததல்ல. 2007-இல் தொடங்கப்பட்ட யூஎஸ்கேப் என்ற கூட்டமைப்பில் பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகள் சிலவும் பெரிய நிறுவனங்கள் சிலவும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி, 2009 ஜனவரியில் ஒரு வரைவை வெளியிட்டன. மசோதாவின் எலும்புக்கூடு அதிலிருந்துதான் வந்தது. அப்புறம் குழுவில் பேரம் தொடர்ந்தது. தென்மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி நாட்டுப் பிரதிநிதி ரிக் பௌச்சர், நிலக்கரி மின் நிறுவனங்களுக்கு இலவசச் சீட்டும், கார்பனைப் பிடித்து மண்ணுக்கடியில் சேமிக்கும் தொழில்நுட்பத்துக்கு ஆண்டுக்கு நூறு கோடி டாலர் அளவில் நிதியும் பெற்றுத் தந்தார். வேளாண் குழுத் தலைவர் காலின் பீட்டர்சன், மரம் நடுவது போன்ற வழிகளில் பிறரது உமிழ்வை ஈடுகட்டும் விவசாயிகளின் திட்டங்களை மேற்பார்க்கும் அதிகாரத்தைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடமிருந்து பிடுங்கி வேளாண் துறைக்குக் கொடுக்க வைத்தார். வாக்கெடுப்பு நாளன்று விடியற்காலை மூன்று மணிக்கு முந்நூறு பக்கத் திருத்தம் ஒன்று வந்து சேர்ந்தது. குடியரசுக் கட்சித் தலைவர் ஜான் பெய்னர் அதிலிருந்து பக்கம் பக்கமாகச் சபையில் ஒரு மணி நேரம் படித்துக் காட்டினார். வாக்ஸ்மனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பேரங்கள் இல்லாமல் 219 வந்திருக்காது. இவ்வளவு செய்தும் 44 ஜனநாயகக் கட்சியினர் எதிர்த்தார்கள்; எட்டுக் குடியரசுக் கட்சியினர் கைகொடுத்ததால்தான் மசோதா கரையேறியது.

175 டாலரும் 3,100 டாலரும்

நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் ஒரு மதிப்பீடு தந்தது. 2020-இல் சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு சுமார் 175 டாலர். வருமானத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்கு குடும்பங்களுக்கோ செலவே இல்லை, சராசரியாக 40 டாலர் அளவுக்கு நிகர வரவு. கட்சி சாராத அலுவலகம் தந்த கணக்கு இது. ஏழைக் குடும்பங்களுக்கு லாபம் என்று சொல்லும் கணக்கு.

ஆனால் நாட்டில் சுற்றிய எண் வேறு. குடும்பத்துக்கு 3,100 டாலருக்கு மேல் என்று குடியரசுக் கட்சித் தலைவர்கள் மேடைதோறும் சொன்னார்கள். எம்ஐடி ஆய்வறிக்கை ஒன்றில், இப்படியொரு திட்டத்தில் அரசுக்கு ஏலத்தில் கிடைக்கக்கூடிய மொத்தப் பணம் குறிக்கப்பட்டிருந்தது. அதை எடுத்து நாட்டிலுள்ள குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். அந்தப் பணம் மக்களுக்கே திரும்பப் போகலாம் என்பதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அறிக்கையை எழுதியவர்களில் ஒருவரான ஜான் ரெய்லி, என் ஆய்வைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று 2009 ஏப்ரலில் பெய்னருக்குக் கடிதம் எழுதினார். ஆனாலும் அந்த எண் சுற்றுவது நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளி. 40 டாலர் வரவு என்பது எந்தக் குடும்பத்தின் கையிலும் வந்து விழும் பணம் அல்ல. மின் விநியோக நிறுவனத்துக்கு இலவசச் சீட்டு கிடைக்கும், அந்த நிறுவனம் அதன் பயனை நுகர்வோருக்குக் கடத்தும், ஏழைகளுக்குத் தனியாக ஒரு வரிச் சலுகை வரும். இதையெல்லாம் ஓஹையோவிலோ இண்டியானாவிலோ ஒரு வீட்டு வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் விளக்கிவிட முடியாது. “உன் கரண்ட் பில் ஏறும்” என்பதைச் சொல்ல இரண்டு விநாடி போதும். வேலையின்மை ஒன்பது சதவீதத்தைத் தாண்டிய கோடை அது. பயப்படக் காரணம் இருந்த மக்களிடம் ஒரு எண்ணைக் கொண்டுபோனார்கள். மறு பக்கத்தில் எவரும் இன்னொரு எண்ணைக் கொண்டுபோகவில்லை.

களத்தில் யார் இருந்தார்கள்

எதிர்ப்பாளர்கள் இருந்தார்கள். எண்ணெய்த் தொழிலதிபர்களான கோக் சகோதரர்களின் ஆதரவில் இயங்கிய அமெரிக்கன்ஸ் ஃபார் பிராஸ்பெரிட்டி என்ற அமைப்பு 2008 முதலே வெப்பக்காற்றுப் பலூன் ஒன்றை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கூட்டம் நடத்தியது. காலநிலையின் பேரில் எந்த வரி உயர்வையும் ஆதரிக்க மாட்டேன் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை வேட்பாளர்கள் முன் நீட்டியது. காலப்போக்கில் நூற்றுக்கணக்கான அரசியல்வாதிகள் அதில் கையெழுத்துப் போட்டார்கள். வரியையும் அரசுச் செலவையும் எதிர்த்த டீ பார்ட்டி இயக்கம் கிளம்பிய நேரமும் அதுதான். அதில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு வந்தவர்கள் அல்ல, மனதார நம்பி வந்தவர்கள். இதை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் விலைக்கு வாங்கிய மக்கள் குரலும் இருந்தது, அது ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. 2009 ஆகஸ்ட் 18 அன்று ஹூஸ்டனில் எனர்ஜி சிட்டிசன்ஸ் என்ற பெயரில் முதல் பேரணி நடந்தது. பேருந்துகளில் வந்து இறங்கிய ஆயிரக்கணக்கானவர்களில் பெரும் பகுதி எண்ணெய் நிறுவன ஊழியர்கள். எண்ணெய் நிறுவனங்களின் சங்கமான அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தலைவர் தன் உறுப்பு நிறுவனங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை கிரீன்பீஸ் கையில் சிக்கியது. சுமார் இருபது மாநிலங்களில் இப்படிப் பேரணி நடத்தப் போகிறோம், உங்கள் ஊழியர்களை அனுப்புங்கள் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

இதைவிட அசிங்கமான காரியம் வர்ஜீனியாவில் நடந்தது. முதல் தடவை வென்று வந்திருந்த டாம் பெரியெல்லோவின் அலுவலகத்துக்கு, மசோதாவை எதிர்த்து வாக்களிக்கச் சொல்லிச் சில கடிதங்கள் வந்தன. ஒன்று சார்லட்ஸ்வில்லில் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களுக்காக இயங்கும் கிரெசியெண்டோ ஹுந்தோஸ் அமைப்பின் பெயரில். வேறு சில கறுப்பின மக்களின் நூற்றாண்டு பழைய உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் உள்ளூர்க் கிளை பெயரில். எல்லாம் போலி. அந்த அமைப்புகளில் எவரும் அவற்றை எழுதவில்லை. நிலக்கரி மின்சாரத் துறையின் கூட்டமைப்பு ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தை அமர்த்தியது; அது பானர் அண்ட் அசோசியேட்ஸ் என்ற வாஷிங்டன் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தது; கடிதங்கள் அங்கிருந்து கிளம்பின. பென்சில்வேனியாவின் இரண்டு உறுப்பினர்களுக்கும் இப்படியே போயின. போலி என்பது வாக்கெடுப்புக்கு முன்பே நிலக்கரிக் கூட்டமைப்புக்குத் தெரிந்திருந்தும் உறுப்பினர்களிடம் சொல்லவில்லை என்பது அக்டோபரில் மார்க்கியின் குழு நடத்திய விசாரணையில் வெளிவந்தது. பெரியெல்லோ ஆதரித்தே வாக்களித்தார். 2010-இல் தோற்றார்.

அந்தக் கடிதங்களில் என்னை உறுத்துவது அவற்றின் தேர்வுதான். ஏழை மக்களுக்கு மின் கட்டணம் ஏறும் என்ற பயத்தை, ஏழை மக்களின் அமைப்புகள் பெயரிலேயே எழுதினார்கள். பட்ஜெட் அலுவலகக் கணக்குப்படி லாபம் அடைய வேண்டியவர்கள் அவர்கள்தான். உண்மையான அமைப்புகளிடம் முன்கூட்டியே போய் உட்கார்ந்து, உங்கள் குடும்பங்களுக்கு இதில் என்ன கிடைக்கும் என்று பேசியவர்கள் போதுமான அளவில் இருந்திருந்தால், அந்த இடைவெளியைப் போலியால் நிரப்பியிருக்க முடியாது.

அப்படியானால் காலநிலை இயக்கத்து இளைஞர்கள் எங்கே இருந்தார்கள்? இருந்தார்கள், ஏராளமாக. 2009 பிப்ரவரி இறுதியில் பவர் ஷிஃப்ட் மாநாட்டுக்குச் சுமார் 12,000 இளைஞர்கள் வாஷிங்டன் வந்தார்கள். மார்ச் 2 அன்று கொட்டும் பனியில் சுமார் 2,500 பேர் நாடாளுமன்றக் கட்டடங்களுக்கு நீராவி அனுப்பும் அனல் நிலையத்தின் வாசல்களை மறித்தார்கள். அதற்குச் சில நாள் முன்பே சபைத் தலைவர் நான்சி பெலோசியும் ரீடும் அந்த நிலையத்தை நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். குறி தெளிவாக இருந்தால் நெருக்கடி வேலை செய்யும் என்பதற்கு அது நல்ல சான்று.

மசோதாவிடம் அவர்களுக்கு அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. 2005-லிருந்து 17 சதவீதம் என்பது 1990 அளவோடு ஒப்பிட்டால் சுமார் நான்கு சதவீதக் குறைப்புதான். பணக்கார நாடுகள் 25 முதல் 40 சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஐநா அறிவியல் குழுவின் ஆய்வு சொல்லிக்கொண்டிருந்த காலம். போதாததற்கு, கரியமில வாயுவை நேரடியாகக் கட்டுப்படுத்த 2007-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கிடைத்த அதிகாரத்தின் ஒரு பகுதியை மசோதா சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடமிருந்து எடுத்துவிட்டது. கிரீன்பீஸும் ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த்தும் எதிர்த்தன. நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் இது வேண்டாம், கார்பனுக்குக் கட்டணம் வைத்து முழுப் பணத்தையும் மக்களுக்கே பிரித்துக் கொடுங்கள் என்றார். எழுத்தாளர் பில் மெக்கிபனும் தோழர்களும் தொடங்கிய 350 இயக்கம் அக்டோபர் 24 அன்று 181 நாடுகளில் 5,200-க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தியது. பிரமிக்க வைக்கும் சாதனைதான். ஆனால் அந்தக் கூட்டங்கள் டிசம்பரில் நடக்கவிருந்த கோபன்ஹேகன் மாநாட்டை நோக்கிப் பேசின, வாக்களிக்கத் தயங்கிய நெப்ராஸ்காவின் செனட்டரை நோக்கி அல்ல.

இளைஞர்கள் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். தவறு அவர்களைக் கடைசியில் கூப்பிட்டதில். மேசையில் எல்லாம் முடிந்த பிறகு, வந்து கோஷம் போடுங்கள் என்றால் யார் வருவார்கள்?

செனட்டில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜான் கெரியும் பார்பரா பாக்ஸரும் கொண்டுவந்த வடிவம் நவம்பரில் குடியரசுக் கட்சியினர் புறக்கணித்த குழுக் கூட்டத்தில் நிறைவேறி அங்கேயே நின்றது. பிறகு கெரி, லீபர்மன், தென் கரோலினாவின் லிண்ட்ஸி கிரஹாம் மூவரும் புதிதாகப் பேசத் தொடங்கினார்கள். 2010 ஜனவரியில் மாசசூசெட்ஸ் இடைத்தேர்தலில் ஸ்காட் பிரௌன் வென்றதும் அறுபது போனது. மார்ச் வரை உடல்நலக் காப்பீட்டுச் சட்டமே நாட்களை விழுங்கியது. ஏப்ரலில் கிரஹாம் விலகினார். அதே ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்தது. கரையோரத் துரப்பணத்தை அனுமதிப்பதுதான் பேரத்தின் ஒரு கால் என்பதால், மக்கள் கொதிப்பு மசோதாவுக்கு உதவுவதற்குப் பதில் அந்தக் காலையே முறித்தது.

நவம்பரில் ஜனநாயகக் கட்சி சபையில் 63 இடங்களை இழந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் உறுப்பினராக இருந்த பௌச்சர் தோற்றார். மேற்கு வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜோ மேன்சின், மசோதாவின் பிரதியைத் துப்பாக்கியால் சுடும் விளம்பரத்தோடு செனட்டுக்குப் போனார். ஆதரித்த எட்டுக் குடியரசுக் கட்சியினரில் ஒருவரான டெலாவேரின் மைக் காஸிலைத் தன் கட்சிக்காரர்களே உட்கட்சித் தேர்தலில் வீழ்த்தினார்கள்.

யார் மேல் பழி

2013-இல் ஹார்வர்டின் அரசியல் அறிஞர் தீடா ஸ்காச்போல் இந்தத் தோல்வியைப் பற்றி நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டார். பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகள் வாஷிங்டனுக்குள் பேரம் பேசுவதிலேயே நம்பிக்கை வைத்தன. அதே ஆண்டுகளில் குடியரசுக் கட்சி அடிமட்டத்தில் மாறிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. மாநிலங்களுக்குள் வேரூன்றிய கூட்டமைப்பைக் கட்டவில்லை என்பது அவர் வாதம். உடல்நலச் சட்டத்துக்காக உழைத்தவர்கள் அதைக் கட்டியிருந்தார்கள் என்று ஒப்பிட்டும் காட்டினார். எதிர்வாதமும் வந்தது: ஒபாமா முழு மூச்சாக இறங்கவில்லை, அறுபது வாக்கு விதி இருக்கும்வரை எந்த இயக்கத்தாலும் முடிந்திருக்காது என்று.

எதிர்வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்த மந்த நிலையில், அந்தச் செனட்டில், நல்ல இயக்கம்கூடத் தோற்றிருக்கலாம். ஆனால் வாக்கெடுப்புக்கே வராமல் தோற்பது வேறு. மசோதாவைக் கொன்றால் தனக்குத் தேர்தலில் அடி விழும் என்று ஒரு செனட்டரும் பயப்படவில்லை. இதற்கு நேர்மாறாக அலாஸ்காவை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வருவாயைச் சேர்த்துவைத்த நிதியின் லாபத்தில் ஒரு பங்கு 1982 முதல் ஆண்டுதோறும் அங்கே குடியிருப்பவர் ஒவ்வொருவர் பெயரிலும் வருகிறது. அதில் கைவைக்க எந்தக் கட்சி அரசியல்வாதியும் நீண்ட காலம் தயங்கினார். 2009 டிசம்பரில் மரியா கேன்ட்வெல், சூசன் காலின்ஸ் என்ற, இரு கட்சிகளைச் சேர்ந்த இரண்டு செனட்டர்கள் ஏறக்குறைய அதே வழியை முன்வைத்தார்கள்: எல்லாச் சீட்டும் ஏலம், பணத்தில் முக்கால் பங்கு நேரே மக்களுக்கு. முப்பத்தொன்பது பக்கம்தான். அதைச் சீண்டுவார் இல்லை.

அதற்குப் பிறகு

இயக்கம் பாடம் கற்றது. 2011-இல் கனடாவின் எண்ணெயைக் கொண்டுவரும் கீஸ்டோன் குழாய்த் திட்டத்தை எதிர்த்து வெள்ளை மாளிகை முன் 1,253 பேர் கைதானார்கள். 2018 நவம்பரில் சன்ரைஸ் என்ற காலநிலை இயக்கத்து இளைஞர்கள் பெலோசி அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸோடு காலநிலைக்காகப் பெரும் அரசு முதலீட்டைக் கோரும் கிரீன் நியூ டீல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அதே மார்க்கி. 2022 ஆகஸ்டில் 51–50 என்று செனட்டில் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் வரம்பும் இல்லை, சீட்டும் இல்லை. சூரிய ஒளி, காற்றாலை, பேட்டரி, மின் கார் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வரிச் சலுகைதான். மேன்சின் இசையாமல் அது நிறைவேறியிருக்காது.

புதிய தொழிற்சாலைகள் குடியரசுக் கட்சித் தொகுதிகளில் எழும்பினால் அந்த உறுப்பினர்களே சட்டத்தைக் காப்பாற்றுவார்கள் என்பது கணக்கு. 2024-இல் பதினெட்டு பேர் சலுகைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய வேண்டாம் என்று கடிதமும் எழுதினார்கள். 2025 ஜூலையில் டிரம்பின் பெரிய வரிச் சட்டம் அந்தச் சலுகைகளில் பெரும்பகுதியை வெட்டியபோது அவர்களில் பெரும்பாலோர் ஆதரித்தே வாக்களித்தார்கள். மறுபடியும் பயன் நிறுவனங்களின் வரிக் கணக்கில் புதைந்திருந்தது. தெருவில் இறங்க ஆளில்லை.

நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் கதை வேறாகப் போனது. அங்கே கார்பனுக்கு விலை வைக்கும் முயற்சி மக்கள் வாக்கெடுப்பில் 2016-லும் 2018-லும் தோற்றது. இரண்டாம் தடவை எண்ணெய் நிறுவனங்கள் மூன்று கோடி டாலருக்கு மேல் கொட்டின. ஆனாலும் பழங்குடி நாடுகளும் தொழிற்சங்கங்களும் நிறவெறிக்கு எதிரான அமைப்புகளும் அந்தத் தோல்விகளுக்குள்ளேயே ஒன்றாக வேலை செய்யப் பழகின. 2021-இல் ஆளுநர் ஜே இன்ஸ்லீ உச்சவரம்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2009-இல் வாக்ஸ்மன் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தவர்களில் அவரும் ஒருவர். பெட்ரோல் விலை ஏறியதும் சட்டத்தை ரத்து செய்யக் கோரி ஹெட்ஜ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிதி நடத்தும் முதலாளி ஒருவர் பணம் போட்டுக் கையெழுத்து திரட்டினார். 2024 நவம்பரில் அது வாக்குச்சீட்டுக்கு வந்தது. அதற்குள் ஏலப் பணத்தில் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு இலவசப் பேருந்துப் பயணம் ஓடிக்கொண்டிருந்தது. குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களின் மின் கட்டணத்தில் 200 டாலர் கழிவு விழுந்திருந்தது. சுமார் 62 சதவீதம் பேர் ரத்தை நிராகரித்தார்கள்.

அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், வீடுகளில் எரிவாயு இணைப்பை அரசு குறைக்கக் கூடாது என்ற இன்னொரு தீர்மானமும் இருந்தது. அது சுமார் 52 சதவீத வாக்கோடு வென்றது. முதல் தீர்மானத்துக்காக வீடு வீடாகப் போனவர்களுக்கு இரண்டாவதற்காகப் போக நேரமும் பணமும் ஆட்களும் அந்த அளவுக்கு இருக்கவில்லை.